தினமும் கேட்டவள்

'ஒட்டடைக்குச்சி' என்கிற பெயர் எங்கள் காதில் முதலில் விழுந்தது ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில். எங்கள் பெரிய ஓரகத்தியின் தங்கைக்குப் பிரசவம் ஆகி இரண்டு நாள். பார்க்க வந்த கூட்டத்தில் புத்தக பைண்டர் வீட்டு அம்மாளும் இருந்தாள். அவள் அந்த ஓரகத்திக்குச் சித்தப்பா மகள். அந்த வழியில் எங்களுக்குத் தங்கை முறை. கூடவே அவளுடைய மகள். பதினொரு வயதுதான், அதற்குள் தாயைவிட ஒரு சாண் உயரம். கையும் காலும் வேறெங்கிருந்தோ கொண்டுவந்து பொருத்தின மாதிரி இருக்கும். சாரல் அடிக்கிறது, ஜன்னலின் மேல் தாழ்ப்பாள் எட்டவில்லை என்று நர்ஸ் ஸ்டூல் தேடிக்கொண்டிருந்தாள்.

"எங்க ஒட்டடைக்குச்சி இருக்கறப்ப ஸ்டூல் எதுக்கு சிஸ்டர்?" என்றாள் தாய்.

அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. கையை நீட்டித் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, "ஸ்டூல் கிடைச்சா கொண்டுவாங்க சிஸ்டர், நான் உட்காரணும்" என்றாள். பிள்ளை பெற்றவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஒட்டடைக்குச்சி நாளடைவில் வெறும் குச்சி ஆயிற்று. பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் இருந்த பெயரை அவள் தகப்பனாரே யோசித்துத்தான் சொல்வார்.

அந்தத் தகப்பனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டின் முன்னறைதான் அவருக்குப் பட்டறை. நடுவில் கனமான மேஜை, ஓரத்தில் திருகி இறுக்குகிற இரும்புப் பிரஸ், மேலே நூல்கண்டுகள், மூலையில் அடுப்பும் பசைச் சட்டியும். சாப்பாட்டு வாசனைக்கு முன்னால் பசை வாசனை வந்து வரவேற்கும் வீடு அது. ஊரில் பாதிப் புத்தகம் அவர் கையால் தைத்தது. ஆனால் அவருக்கு எழுத்து தெரியாது. எண்கள் மட்டும் தெரியும். பக்க எண்ணைப் பார்த்துத்தான் தாள்களை வரிசையாக அடுக்குவார், எது மேல் எது கீழ் என்று கண்டுபிடிப்பதும் அந்த எண்ணை வைத்துத்தான். தாளை அவர் படிப்பது கட்டைவிரலால். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து ஒரு தேய்ப்பு. இது ஆறு மாதம் தாங்கும், இது பேரன் காலம் வரை தாங்கும் என்று சொல்லிவிடுவார்.

குச்சிக்குப் பதினாலு வயதானபோது எழுதுகிற பழக்கம் வந்தது. டைரி என்று தனியாக ஒன்றும் இல்லை. கணக்குப் புத்தகத்துக்கு வெட்டினது போக மிஞ்சின கெட்டித் தாள்களில் பென்சிலால் எழுதுவாள். யார் மேல் கோபம், எந்த டீச்சருக்குத் தன்னைப் பிடிக்கவில்லை, கண்ணாடியில் தன் கழுத்து எவ்வளவு நீளமாகத் தெரிகிறது, எல்லாம். எழுதினதை எங்கே ஒளிப்பது? தாய்க்குப் படிக்கத் தெரியும். தலையணை உறை, பள்ளிப் பை, பெட்டி என்று அவள் கை போகாத இடம் கிடையாது. மேஜைக்கு அடியில் தகப்பனாரின் கழிவுத் தாள் கட்டு இருந்தது. அதைத் தொடுகிற ஒரே ஆளுக்குப் படிக்கத் தெரியாது. குச்சி தன் தாள்களை அந்தக் கட்டின் நடுவில் செருகிவைத்தாள். இதைவிடப் பத்திரமான பூட்டு உண்டா என்று நினைத்துக்கொண்டாள்.

அவளுக்கு ஒரு தோழி. கண் கொஞ்சம் வெளிர் நிறம் என்பதால் பள்ளிக்கூடம் முழுக்க அவளுக்குப் பெயர் பூனை. கிளினிக்கில் நர்ஸாக இருந்த தாயோடு பக்கத்துத் தெருவில் மூன்றாம் மாடியில் இருந்தாள். குச்சி உயரம், பூனை குட்டை; இருவரும் சேர்ந்து நடந்தால் கடைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்ப்பார்கள். அந்த வருஷம் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பூனை வரவில்லை. ஜுரம் என்றாள். குச்சியிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள்: தூக்கத்தில் இன்னும் தனக்குப் படுக்கை நனைகிறது. தாயைத் தவிர யாருக்கும் தெரியாது.

குச்சி அதைக் கேட்டு அழுதாள். வீட்டுக்கு வந்து, மனசு தாங்காமல், எழுதினாள். பூனை சொன்னது முழுவதையும் எழுதி, கடைசி வரியில் 'செத்தாலும் யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று போட்டுக் கட்டுக்குள் செருகினாள்.

விடுமுறையில் பள்ளி நூலகத்திலிருந்து அறுபது புத்தகம் பைண்டிங்குக்கு வந்தது. புது அட்டை காயும்போது வளைந்துவிடும். வளையாமல் இருக்க உள்பக்கம் ஒரு பழைய கெட்டித் தாளை ஒட்டி, அது தெரியாதபடி மேலே வெள்ளைத் தாளை ஒட்டுவது பைண்டரின் வழக்கம். பழைய தாள் தீர்ந்துபோயிற்று. கட்டைப் பிரித்தார், விரலால் தேய்த்துப் பார்த்தார், நடுவில் பதினோரு தாள் அருமையாக அகப்பட்டது. இப்படித் தாள் இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கிறது என்று மனைவியிடம் சந்தோஷப்பட்டுக்கொண்டார். பதினோரு புத்தகத்துக்கு அது சரியாக வந்தது. எழுத்து இல்லாத பக்கத்தில் பசை நன்றாகப் பிடிக்கும் என்று அந்தப் பக்கத்தை அட்டையில் ஒட்டினார். எழுதின பக்கம் மேலே பார்த்தது.

மூன்று வாரம் விடாத மழை. ஈரத்தில் வெள்ளைத் தாள் ஓரத்தில் உப்பி எழும்பியது. நூலக வகுப்பில் கை சும்மா இராத ஒருவன் அதை உரித்தான்; அடியில் இருந்தது பூனை சொன்னதை எழுதின தாள். சாயங்காலத்துக்குள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் பூனையின் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருந்தது. பூனை அதைப் பார்த்தாள், பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். அடுத்த ஒன்பது நாள் வரவில்லை.

நூலக டீச்சர் அந்தப் புத்தகத்தோடு பைண்டர் வீட்டுக்கு வந்தார். பைண்டர் அட்டையைத் தடவிப் பார்த்தார், பசை விட்டுக்கொண்டதற்கு மன்னிப்புக் கேட்டார். பிறகு, எல்லோர் முகமும் ஒரு மாதிரி இருப்பதைக் கண்டு, "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார்.

"படிக்கத் தெரிஞ்சிருந்தா இதைக் கேட்கவே வேண்டாம்" என்றாள் குச்சி.

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். பைண்டர் கையிலிருந்த பிரஷ்ஷைச் சட்டியின் விளிம்பில் வைத்தார். அன்றிலிருந்து குச்சி அவரோடு பேசவில்லை. இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருப்பார். "அம்மா, பசை தீயுதுன்னு அவர்கிட்ட சொல்லு" என்பாள். தாய் ஒரு நாள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, தான் இந்த வீட்டுத் தபால்காரியா, தனக்கு ஒரு சைக்கிளாவது வாங்கித் தரக் கூடாதா என்று கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

பைண்டரும் மாறிப்போனார். எந்தத் தாளை எடுத்தாலும் மனைவியிடம் காட்டி, "இது யாரோடதாவது இருக்குமா பாரு" என்பார். பழைய செய்தித்தாளைக்கூடக் காட்டினார். குச்சிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நகத்தைக் கடித்துக் கடித்து விரல்நுனி புண்ணாயிற்று. பள்ளிக்கூடம் விட்டால் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். தப்பு தகப்பனாருடையது என்று ஒரு மணி நேரம் தோன்றும், எழுதின தன்னுடையது என்று அடுத்த ஒரு மணி நேரம். இரண்டில் எது நிஜமானாலும் பூனை இல்லை.

நான்காம் நாள் அந்த மூன்று மாடியையும் ஏறினாள். கதவைத் திறந்த நர்ஸம்மா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளே வர வேண்டாம், அவளே வந்தால் பேசிக்கொள் என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். பத்து நிமிஷம் கழித்துப் பூனை வந்து படிக்கட்டில், இவளுக்கு நாலு படி மேலே உட்கார்ந்தாள். குச்சி நடந்ததை எல்லாம் சொன்னாள், சொல்லும்போதே அழுதாள்.

"அழாத" என்றாள் பூனை. "நீ அழுதா நான் உன்னைச் சமாதானப்படுத்தணும். எனக்கு இப்ப அதுக்குத் தெம்பு இல்ல."

குச்சி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "என்னை மன்னிச்சிட்டியா?"

"இல்ல."

"எப்ப மன்னிப்ப?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? சும்மா மன்னிச்சிட்டேன்னு சொல்லி அனுப்பிடலாம். அப்புறம் உன்னைப் பார்க்கறப்பல்லாம் எனக்குப் பத்திக்கிட்டு வரும். அது வேணுமா உனக்கு?"

வேண்டாம் என்று குச்சி தலையாட்டினாள். பிறகு குச்சி, நாளைக்கு வந்து கேட்கலாமா என்றாள். பூனை யோசித்தாள்.

"கேளு. ஆனா அது மட்டும்தான் கேட்கணும். அழக் கூடாது. நடுவுல கதை பேசக் கூடாது."

அப்படித்தான் அது தொடங்கியது. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குக் குச்சி மூன்று மாடி ஏறுவாள். "ஆச்சா?" என்பாள். "ஆகலை" என்பாள் பூனை. குச்சி இறங்கிவிடுவாள். கீழ்வீட்டுக்காரி நாலு நாள் இதைக் கேட்டுவிட்டு, தினமும் ஏறி வந்து கேட்கிற அளவுக்கு மாடியில் என்னதான் வேகிறது, வெந்தால் தனக்கும் ஒரு கிண்ணம் கொடுக்கச் சொல் என்றாள்.

பூனை மறுபடி பள்ளிக்கு வந்த அன்று விரிப்பு மறுபடி அவள் இடத்தில் இருந்தது. குச்சி அதை எடுத்துத் தன் இடத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எழுதினது என்னைப் பற்றித்தான், பெயரை மட்டும் மாற்றிப் போட்டேன் என்று வகுப்புக்கே கேட்கும்படி சொன்னாள். பெரிய தியாகம் செய்துவிட்ட நினைப்போடு சாயங்காலம் மாடி ஏறினாள். பூனையின் முகம் சிவந்திருந்தது.

"உன்னை யாரு பொய் சொல்லச் சொன்னா? இப்ப ரெண்டு பேரையும் பார்த்துச் சிரிக்கிறாங்க. நான் பொத்திப் பொத்தி வச்சிருந்ததை நீ திரும்ப எடுத்து விளையாடற. என்னோடதை என்கிட்டயே விடேன்."

குச்சிக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. கதை பேசக் கூடாது என்பது ஒப்பந்தம். அதனால் ஒன்றும் சொல்லாமல் இறங்கினாள். எங்கள் வம்சத்தில் பதினாலு வயதில் வாயை மூடத் தெரிந்த ஆளை நாங்கள் பார்த்ததில்லை. அந்த ஒரு சாயங்காலத்துக்காகவே அவளைத் தூக்கிவைத்துப் பேசலாம்.

அதற்குப் பிறகு தியாகம் எதுவும் செய்யவில்லை. செய்ய வேண்டியதைச் செய்தாள். நூலகத்தில் உரிபட்டதை எல்லாம் டீச்சர் முன்பே எடுத்துக் கிழித்துப்போட்டிருந்தார். யாரும் உரிக்காமல் இன்னும் நாலு புத்தகம் இருந்தது. அவற்றைக் கேட்டு வாங்கிவந்தாள், யாருமில்லாத நேரம் பார்த்து மேஜையில் வைத்தாள், தாளை இழுத்தாள். அட்டையும் சேர்ந்து வந்தது. முதல் புத்தகம் நாசம்.

பைண்டர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வந்தார். துணியை நனைத்துப் பிழிந்து இரண்டாம் புத்தகத்தின் அட்டைக்குள் விரித்தார், மூடினார், சும்மா உட்கார்ந்தார். அரை மணி நேரம் இரண்டு பேரும் அந்தப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மெல்லிய கத்தியை ஓரத்தில் நுழைத்து, காய்ச்சலில் இருக்கிற குழந்தையின் சட்டையைக் கழற்றுகிற மாதிரி, மேலிருந்த வெள்ளைத் தாளை எடுத்தார். அதற்கு அடியில் இருந்ததையும் எடுத்தார். முழுசாக வந்தது. அதைக் கையில் வைத்துப் பார்த்தார். அதில் பக்க எண் இல்லை. தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"அவளைக் கேளு" என்றார் சமையலறைப் பக்கம் திரும்பி. "நான் என்ன பண்ணினா அவளுக்கு ஆறும்னு கேளு."

தபால்காரி அன்று விடுப்பு எடுத்துக்கொண்டாள்.

குச்சி அவர் விரல்களைப் பார்த்தாள். பசை காய்ந்து நகத்தோரமெல்லாம் வெடித்திருந்தது. தான் தினமும் மூன்று மாடி ஏறி ஒரு பதிலாவது வாங்கிக்கொண்டு வருகிறோம், அந்தப் பதிலில் எப்படியோ மறுநாள் வரைக்கும் மூச்சு விட முடிகிறது, இவருக்கு அதுகூட இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் ஒரு பதிலும் கொடுத்திருக்கவில்லை.

"அப்பா" என்றாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு. "எனக்கு உங்க மேல கோபம் இன்னும் போகலை. படிப்பைப் பத்தி நான் சொன்னது தப்பு, அதுக்கு நீங்க என் மேல கோபப்படலாம். ஆனா என் கோபம் இன்னும் இருக்கு. இல்லைன்னா பொய். நீங்க தினமும் கேளுங்க, நான் சொல்றேன்."

பைண்டர் தாளை மேஜையில் வைத்தார். "என்னன்னு கேட்கணும்?"

"ஆச்சான்னு."

மனிதர் கேள்வி கேட்டுப் பழக்கமில்லாதவர். மறுநாள் பசையைக் கிளறிக்கொண்டே, அடுப்பைப் பார்த்து, சட்டியிடம் விசாரிக்கிற மாதிரி, "ஆச்சா?" என்றார். "ஆகலைப்பா" என்றாள் குச்சி. சமையலறையில் தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாளா சிரித்தாளா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. அன்றைக்குக் குச்சி இரண்டாம் முறை சாப்பாடு போட்டுக்கொண்டாள் என்பது மட்டும் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இப்படி ஒரே நாளில் குச்சி ஓரிடத்தில் கேட்கிறவளாகவும் இன்னோர் இடத்தில் பதில் சொல்கிறவளாகவும் இருந்தாள். பதில் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரிந்தது. சில நாள் உள்ளே தேடிப் பார்த்தால் கோபம் இருக்காது. சரி ஆயிற்று என்று சொல்ல வாயெடுப்பாள். பார்த்தால் மூலையில் உட்கார்ந்திருக்கும். மாடியிலும் பதில் நீண்டது. "ஆகலை. ஆனா நேத்து ஒரு மணி நேரம் அந்த ஞாபகமே வரலை" என்றாள் பூனை ஒரு நாள். இன்னொரு நாள், "நேத்தைவிட இன்னைக்கு மோசம். உன்னால இல்ல, தானா வந்துது." விரிப்பு போட்டவர்களுக்கும் அது சலித்துப்போயிற்று. வேறு யாரோ வேறு எதிலோ மாட்டிக்கொண்டார்கள். பூனையைத் தாய் ஒரு டாக்டரிடம் அழைத்துப்போனாள். இது நிறையப் பேருக்கு இருக்கிறது, சரியாகும் என்று அவர் சொன்னாராம். அதைக் குச்சியிடம் சொன்னபோது பூனை மேல்படியிலிருந்து ஒரு படி இறங்கி உட்கார்ந்தாள்.

தகப்பனார் விஷயம் முதலில் தீர்ந்தது. எப்போது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. ஒரு வாரமாக அவர் கேட்க மறந்திருந்தார், அவளும் சொல்ல மறந்திருந்தாள். நூலை எடுங்கப்பா, கத்தி எங்கப்பா என்று பேச்சு தானாக ஓடிக்கொண்டிருந்தது. தாய்தான் கண்டுபிடித்து, தபாலாபீஸை மூடிவிட்டார்கள் போலிருக்கிறது என்றாள்.

மழை போய் வெயில் வந்து தேர்வுகளும் நெருங்கிவிட்டன. குச்சிக்கு ஒரு நாள் கடும் ஜுரம். எழுந்து நிற்க முடியவில்லை. ஐந்து மணி ஆயிற்று, ஐந்தரை ஆயிற்று. கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. நாலு மாதத்தில் ஒரு நாள் தவறியதில்லை. ஆறு மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம். பூனை பட்டறையைத் தாண்டி நேராக உள்ளே வந்து கட்டில் பக்கத்தில் நின்றாள். ஓடி வந்திருந்தாள்.

"இன்னைக்கு ஏன் கேட்க வரலை?"

"ஜுரம்."

"ஒரு மணி நேரமாப் படியில உட்கார்ந்திருக்கேன். கீழ்வீட்டு அக்காகூட எங்கடி அவன்னு கேட்டாங்க."

"நாளைக்கு வந்து கேட்கறேன்."

"இப்பவே கேளு."

குச்சிக்கு நாக்கு வறண்டிருந்தது. "ஆச்சா?"

"ஆச்சு" என்றாள் பூனை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, போர்வையை இழுத்து அவள் காலை மூடினாள். அந்தக் கால் எந்தப் போர்வைக்கும் அடங்காதது. "முழுசா இல்ல. முக்கால்வாசி. மீதிக்கு நீ மாடி ஏற வேண்டாம், அது தானா ஆகும். ஆகலைன்னா நானே வந்து சொல்றேன்."

குச்சி அழுதாள். இந்த முறை பூனை வேண்டாம் என்று சொல்லவில்லை. முன்னறையில் பைண்டர் சுத்தியலை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, வெகுநேரம் வேலை எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

மீதிக் கால்வாசி ஆக ஒன்றரை வருஷம் பிடித்தது என்று பூனையே பிற்பாடு கணக்குச் சொன்னாள். நடுவில் இரண்டு தடவை வந்து, இன்றைக்கு ஆகலை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். குச்சியும் சரி என்று கேட்டுக்கொண்டாள்.

அந்தக் குணம் அவளை விட்டுப் போகவில்லை. கல்யாணமாகிப் போன வீட்டில், ஆறேழு வருஷம் கழித்து, நாத்தனார் எல்லோர் முன்னாலும் அவளை ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். மறுநாளே வந்து கையைப் பிடித்தாள். குச்சி கையை உதறவில்லை, சிரிக்கவும் இல்லை. "எனக்கு மூணு வாரம் ஆகும் அண்ணி. அதுவரைக்கும் உங்களோட சாப்பிடுவேன், பேசுவேன், ஆனா மனசு சரியாகலை. சரியானதும் சொல்றேன்" என்றாளாம். இதென்ன பெண், மன்னிப்புக்குக் கெடு வைக்கிறாள் என்று அந்த வீட்டில் வாயைப் பிளந்தார்கள். சரியாக மூன்றாம் வாரம் நாத்தனார் வீட்டுக் கதவைத் தட்டி, ஆயிற்று என்று சொல்லிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். அந்த நாத்தனார் இன்றைக்கும், இந்தக் குடும்பத்தில் தன்னிடம் பொய் சொல்லாத ஒரே ஆள் அவள்தான் என்பாள். நாங்கள் எத்தனையோ பேரை வாயால் மன்னித்துவிட்டு வயிற்றில் வைத்துக்கொண்டு காலம் தள்ளியவர்கள். அவளைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

குச்சிக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது. நகராட்சி அலுவலகத்தின் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் வேலை பார்க்கிறாள். கணவரோடும் பதின்மூன்று வயது மகளோடும் ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள குடியிருப்பில் முதல் மாடியில் இருக்கிறாள்.